கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். கல்வி என்றதும் நாம் வழக்கமாகப் பேசுவது உரிமை, இடஒதுக்கீடு, உதவித்தொகை. அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் ஒரு சின்னக் கணக்கைப் பற்றித்தான் நான் இன்று பேசப்போகிறேன். அது சதவீதக் கணக்கு.

தேர்ச்சி விகிதம் என்பது ஒரு பின்னம். கோட்டுக்கு மேலே தேறியவர்கள் இருப்பார்கள், கீழே தேர்வு எழுதியவர்கள் இருப்பார்கள். இந்தப் பின்னத்தின் மதிப்பை உயர்த்த இரண்டு வழி உண்டு. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம். அதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம். அதற்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே எப்படிச் சேர்க்கப்பட்டார்கள், எப்படி அங்கிருந்து அழிக்கப்பட்டார்கள் என்பதுதான் என் பேச்சு.

1856 ஜூன் மாதத்தில் தார்வார் அரசுப் பள்ளியில் சேர ஒரு மகர் சிறுவன் விண்ணப்பித்தான். இடம் மறுக்கப்பட்டது. பம்பாய் அரசாங்கம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்தப் பையனுக்குத் தகுதி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அவன் பக்கம் நியாயம் இருப்பதை மறுக்கவும் இல்லை. ஆனால் அவன் ஒருவன். இதுவரை வந்து கேட்ட ஒரே மகர் அவன்தான். அவனைச் சேர்த்தால் மற்ற சாதிப் பிள்ளைகள் வெளியேறுவார்கள். பெருந்திரளான மக்களுக்குப் பள்ளி பயன்படாமல் போய்விடும் என்றார்கள். கூட்டல் கழித்தல் போட்டுத்தான் அநீதி செய்தார்கள். சாத்திரத்தை எடுத்துக்காட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை, எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. ஒருவனும் இதுவரை வராததற்கு என்ன காரணம் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு கணக்கு தயாராகிக்கொண்டிருந்தது. ஏழைகளின் பள்ளிகளுக்கு அரசு தரும் மானியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதாகக் கவலைப்பட்டார்கள். நியூகாசில் கமிஷன் 1861இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு ராபர்ட் லோ திருத்திய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘முடிவுக்கேற்ற ஊதியம்’ என்பது அதன் தத்துவம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பாடங்களில் ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். சராசரி வருகையின் அடிப்படையில் தலைக்கு 4 ஷில்லிங். இருநூறு முறைக்கு மேல் வருகை தந்த பிள்ளைக்கு இன்னும் 8 ஷில்லிங். அதில் ஒவ்வொரு பாடத் தோல்விக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்று பாடத்திலும் தோற்றால் அந்த எட்டும் போயிற்று. ஒரு குழந்தையின் மூளையில் மூன்றில் ஒரு பங்குக்கு விலை 2 ஷில்லிங் 8 பென்ஸ் என்று ஓர் அரசாங்கம் எழுதிவைத்தது.

இந்த முறை செலவு குறைவாக அமையும், அல்லது திறமையாக அமையும், இரண்டில் ஒன்று நிச்சயம் என்ற பொருளில் லோ நாடாளுமன்றத்தில் பேசினார். செலவு குறைந்தது. 1860களின் தொடக்கத்தில் 8,13,441 பவுண்டாக இருந்த மானியம் 1865இல் 6,36,806 பவுண்டுக்கு இறங்கியது. திறமையின் கதி என்ன? கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு வாசிப்பதுபோல ஒப்பிக்கிறார்கள், தேர்வில் இல்லாத பாடங்கள் வகுப்பிலிருந்து மறைகின்றன, பள்ளி இயந்திரமாகிவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆய்வு நாளன்று உடம்பு முடியாத பிள்ளையைக்கூடத் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை வந்தால்தான் ஆசிரியருக்குக் காசு. ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய அடுப்பை அந்தப் பட்டியலோடு கட்டிவிட்டவர்கள் வேறு ஆட்கள்.

1890களில் இங்கிலாந்து இந்த முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. அதற்குள் அது கப்பலேறி வந்துவிட்டிருந்தது. பம்பாயிலும் சென்னை மாகாணத்திலும் 1860களிலேயே ‘ரிசல்ட் கிராண்ட்’ நடைமுறைக்கு வந்தது. சென்னையில் தொடக்கப் பள்ளிகளே இதன் முக்கிய களம். திண்ணைப் பள்ளிக்கூடங்களை அரசின் பாடத்திட்டத்துக்குள் இழுக்க இது நல்ல தூண்டில் என்று கல்வித்துறை நினைத்தது. பள்ளிகளின் எண்ணிக்கை கூடியது உண்மை. யாருடைய பள்ளிகள் கூடின என்பதுதான் நம் கேள்வி.

இந்த மானியத்தின் பொருளாதாரத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். இது பின்னால் வரும் பணம். ஆண்டு முழுக்க ஆசிரியர் சொந்தச் செலவிலோ, பெற்றோர் தரும் கட்டணத்திலோ, ஊரார் அளக்கும் நெல்லிலோ பள்ளியை நடத்த வேண்டும். ஆண்டு முடிவில் ஆய்வாளர் வந்து தேர்வு வைத்துத் தேறியவர்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பார். ஊர்த்தெருவில் கட்டணம் கிடைக்கும், திண்ணை கிடைக்கும், அறுவடையில் பங்கும் கிடைக்கும். சேரியில்? பண்ணையாள் வீட்டுப் பிள்ளை நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போயாக வேண்டும், மாடு மேய்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே உள்ள ஓட்டைகள் மிராசுதாரின் வயலில் விழுந்த நாட்கள். அந்த ஓட்டைகளைக் காட்டி மானியம் வெட்டப்படும். அதாவது, சேரிப் பிள்ளையின் உழைப்பை மிராசுதார் எடுத்துக்கொள்வார், அதற்கான அபராதத்தைச் சேரிப் பள்ளி கட்டும். தேர்வு வைக்கும் ஆய்வாளர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், சேரிக்குள் கால் வைப்பாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் சொந்தமாகச் சேரியில் பள்ளி தொடங்க எந்த ஏழை ஆசிரியரால் முடியும்? வெளியிலிருந்து பணம் வரும் மிஷன்களால் முடிந்தது. அதனால்தான் நம் முன்னோரில் படித்தவர்களின் கதையில் மிஷன் பள்ளி திரும்பத் திரும்ப வருகிறது. கிறிஸ்தவப் பரிவு அதில் ஒரு பாதி என்றால் மானிய விதி மறுபாதி.

1882இல் ஹண்டர் கமிஷன் அமைக்கப்பட்டது. ஜோதிராவ் புலே அதற்கு அளித்த மனுவில் கேட்ட கேள்வி கணக்கின் மறுமுனையைத் தொட்டது. அரசின் வருவாய் உழவர்களின் வியர்வையிலிருந்து வருகிறது, அது மேல்சாதியாரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்றார். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் மாதம் 12 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றார். தேர்ச்சியை அளப்பதற்கு முன் யார் பணம், யாருக்குப் போகிறது என்று அளக்கச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று அது. கமிஷனும் தாழ்த்தப்பட்டோர் கல்விக்குச் சில நல்ல பரிந்துரைகளைச் செய்தது. ஆனால் தனிப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது, போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இருக்கும் இடங்களில் என்று ஒரு நிபந்தனை வைத்தது. தார்வாரின் ஒற்றைச் சிறுவன் இங்கேயும் கணக்கில் தேறமாட்டான்.

சென்னை மாகாணத்தில் திருப்பம் செங்கல்பட்டிலிருந்து வந்தது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர்களின் நிலை குறித்து எழுப்பிய குரலும், 1891இல் ஆட்சியர் டிரமன்ஹீர் எழுதிய குறிப்பும் நமக்குப் பஞ்சமி நிலத்தின் வரலாறாகத் தெரியும். அதன் தொடர்ச்சியாக 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை வந்தது. பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை, பஞ்சமப் பிள்ளைகளின் தேர்ச்சிக்குச் சாதாரண விகிதத்தைவிடக் கூடுதல் மானியம். நிலத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இந்தக் கல்வி ஆணையை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். ஏனென்றால், ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளப்பது சமத்துவம் ஆகாது என்பதை அரசு தன் கணக்குப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்ட இடம் அது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். விகிதம் கூடியதே தவிர, தேறினால்தான் காசு என்ற அடிப்படை மாறவில்லை. முதலீடு செய்ய ஆளில்லாத சேரிக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஓல்காட் சென்னையில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோதும் அது நின்றது நன்கொடைப் பணத்தில்தான்.

1904இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானத்தோடு முடிவுக்கேற்ற மானியம் இந்தியாவில் விடைபெற்றது. சட்டத்திலிருந்து விடைபெற்றது என்று திருத்திச் சொல்கிறேன்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1919இல், சென்னை அரசாங்கமே ஒரு கணக்கு எடுத்து ஆணையில் எழுதியது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் 8,157 பள்ளிகள். பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு ஏழரை. நான் வாசித்த கல்விப் புள்ளிவிவரங்களிலேயே நேர்மையானது இதுதான் என்பேன். இது பிள்ளைகளை அளக்கவில்லை, பள்ளிகளை அளந்தது. எந்தப் பையன் தேறினான் என்று கேட்காமல் எந்தக் கதவு திறந்தது என்று கேட்டது. அக்கிரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் பொதுப்பணத்தில் பள்ளி நடந்தால் பஞ்சமப் பிள்ளை எந்த வழியாக உள்ளே போவான்? தேர்ச்சி விகிதத்தை எத்தனை தசமப் புள்ளிக்குத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் மீதமுள்ள 7,548 பள்ளிகளின் கதவு அதில் தெரியாது. அங்கே நம் பிள்ளை தோற்கவில்லை, கோட்டுக்குக் கீழேகூட இல்லை.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் வருகிறார். 1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை மீது அவர் பேசிய பேச்சை மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அதில் ஆவேசத்தைவிட அட்டவணை அதிகம். அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது, மதுவரி மூலம் தலைக்கு 2 ரூபாய் 2 அணா 9 பை வசூலிக்கிறது என்றார். இந்த வேகத்தில் போனால் பள்ளி வயதுப் பையன்கள் அனைவரும் பள்ளிக்கு வர 40 ஆண்டு, பெண்கள் வர 300 ஆண்டு ஆகும் என்றார். பிறகு சாதிவாரிக் கணக்கு. தொடக்கக் கல்வியில் ஆயிரம் பேருக்கு முன்னேறிய இந்துக்கள் 119, முஸ்லிம்கள் 92, இடைநிலை வகுப்பார் 38, பிற்பட்ட வகுப்பார் 18. அந்த நாள் அரசு வழக்கில் பிற்பட்ட வகுப்பார் என்பதற்குள்தான் தீண்டப்படாதோர் இருந்தார்கள். உயர்நிலைக் கல்வியில் லட்சம் பேருக்கு முறையே 3,000, 500, 140, 14. இறங்கும் படிக்கட்டைப் பாருங்கள். அவர் எந்தப் பள்ளியின் திறமையையும் அளக்கவில்லை. கோட்டுக்குக் கீழே மக்கள்தொகையை வைத்தார். அந்த ஒரே மாற்றத்தில் கல்வித்துறையின் சாதனைப் பட்டியல் குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது.

அதே பேச்சில் இன்னோர் எண் உண்டு. தொடக்கப் பள்ளியில் நுழையும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேரும் எழுத்தறியாமைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்றார். பள்ளி வாசலை மிதித்த ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தறிவு நிலைக்கும்வரை உள்ளே இருக்க வேண்டும், அதற்கு இன்னும் பணம் செலவிடுங்கள் என்பது அவருடைய வாதம்.

இரண்டே ஆண்டு கழித்து, 1929இல், சைமன் கமிஷனின் துணைக்குழுவான ஹார்ட்டாக் குழு அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான கணக்கில் அங்கேயும் அதே எண் வருகிறது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பேரில் 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். ஹார்ட்டாக் இதற்கு வைத்த பெயர் ‘விரயம்’. பணம் விரயமாகிறது, எனவே அவசரப்பட்டுப் பள்ளிகளைப் பெருக்காதீர்கள், இருப்பதை உறுதிப்படுத்துங்கள், தரத்தைக் கவனியுங்கள் என்று குழு சொன்னது. சாதிவாரித் தனிப்பள்ளிகளைவிடப் பொதுப்பள்ளியே நல்லது என்றும் அதே குழு சொன்னது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 18 என்ற ஒரே எண்ணிலிருந்து இரண்டு பேர் இரண்டு எதிரெதிர்த் திசைக்குப் போனதைப் பாருங்கள். ஒருவருக்கு 82 பேர் அரசு கைவிட்ட பிள்ளைகள். இன்னொருவருக்கு 82 பேர் வீணாய்ப்போன செலவு. எண் தானாக எதையும் பேசாது. அதன் வாயில் சொல்லைப் போடுகிறவர் பள்ளியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சமூகவியல் வகுப்பில் இதை ‘விளக்கம்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

இனி நம் காலம். தர்க்கம் பழையது, தாள் மட்டும் திரையாகிவிட்டது. அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான சட்டம் 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்வில் தேற வேண்டும், தேறாத பள்ளிகள் மீது நடவடிக்கை என்றது. கறுப்பினக் குழந்தைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்திவைத்தது பிறகு தெரியவந்தது. 2011இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் குறிப்பிட்டது. லோவின் இங்கிலாந்தில் ஒப்பித்தார்கள், இங்கே அழித்து எழுதினார்கள்.

ஒன்றிய அரசு 2017-18 முதல் மாநிலங்களின் பள்ளிக்கல்விக்கு ஒரு தரக் குறியீடு வெளியிடுகிறது. அதன் முதல் வடிவத்தில் 70 அளவீடுகள், மொத்தம் 1,000 புள்ளி. நிர்வாக நடைமுறைகளுக்கு 360, கற்றல் விளைவுக்கு 180. பிள்ளை கற்றதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு அலுவலக ஒழுங்குக்கு. சமத்துவத்துக்கு 230 புள்ளி உண்டு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பட்டியல் சாதி மாணவர்களின் மதிப்பெண்ணுக்கும் பொதுப்பிரிவு மாணவர்களின் மதிப்பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு குறைவோ அவ்வளவு புள்ளி என்பது அதன் ஒரு முக்கிய அளவீடு. இருவரும் சேர்ந்து மோசமாகப் படித்தாலும் வித்தியாசம் குறைவுதான். அங்கே தேர்வு எழுத வராமலே நின்றுவிட்ட நம் பிள்ளை அந்த வித்தியாசத்தில் எங்கும் வரமாட்டாள்.

தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பது நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் நூறு சதவீதத் தேர்ச்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது. பிளக்ஸ் பேனர் அந்த நூறுக்குத்தான் வைக்கப்படுகிறது, ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் கேட்கப்படுவதும் அந்த நூறைத் தொடாத தலைமையாசிரியரிடம்தான். எட்டாம் வகுப்புவரை இங்கே தேர்ச்சி நிறுத்தம் கிடையாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் கத்தரி விழுகிறது. “இந்தப் பையனுக்கு ஐடிஐ நல்லது”, “தனித்தேர்வராக எழுதட்டும்”, “வேறு பள்ளியில் பாருங்கள்” என்று பெற்றோரிடம் பேசி அனுப்புவதைக் களப்பணியில் இருக்கும் தோழர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். யாரும் அவனை வெளியேற்றவில்லை. அப்பாவே கையெழுத்துப் போட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார் என்று கோப்பு சொல்லும். கல்லாப்பெட்டியில் நிற்கும் மளிகைக் கடைக்காரரின் மகன் இப்படிப் போவதில்லை. போவது கூலிக்காரரின் மகன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றின் தேர்ச்சி விகிதத்தைப் பக்கத்து உதவிபெறும் பள்ளியோடு ஒப்பிட்டு “உங்கள் பிள்ளைகள் அவ்வளவுதான்” என்கிறார்கள். பக்கத்துப் பள்ளி அனுப்பிவிட்ட பிள்ளைகளும் வந்து சேரும் இடம் அது என்பதை ஒப்பீட்டுப் பட்டியலில் காட்ட மாட்டார்கள்.

பணமும் தலை எண்ணித்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் முப்பது பேர்வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு பேர்வரை 25,000 என்று படிக்கட்டாக ஏறுகிறது. பத்துப் பிள்ளை படிக்கும் காலனிப் பள்ளிக்கும் கூரை ஒழுகும், கழிப்பறை அடைக்கும், கரும்பலகைக்கு மை பூச வேண்டும். சேர்க்கை குறைந்தால் மானியம் குறையும், மானியம் குறைந்தால் பள்ளி பாழடையும், பாழடைந்தால் சேர்க்கை இன்னும் குறையும். கடைசியில் “மாணவரே இல்லாத பள்ளி” என்று ஒரு பட்டியல் வரும். 2019இல் அப்படி 46 பள்ளிகள் நூலகமாக்கப்பட்டன. நூலகத்தின் மீது எனக்கு விரோதம் இல்லை. போதிய எண்ணிக்கை என்ற 1882ஆம் ஆண்டின் நிபந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

அப்படியானால் கணக்கே வேண்டாம் என்று சொல்கிறோமா? அப்படிச் சொல்வது நமக்குக் கட்டாது. கணக்கு எடுக்காத இடத்தில் நாம் இல்லாமலே போய்விடுகிறோம். 609 என்ற எண்ணை எழுதியிராவிட்டால் அந்த 7,548 கதவைப் பற்றி இன்று பேச ஆதாரம் இருந்திருக்காது. அதிகாரி தரும் பின்னத்தை வாங்கிக்கொண்டு அதன் கீழ்வரியை மாற்றிப் போடுவதுதான் அம்பேத்கர் 1927இல் செய்தது. நாமும் அதைச் செய்ய முடியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் ஒன்றியத்தில் நூறு சதவீதம் காட்டும் பள்ளி ஒன்றையும், அறுபது சதவீதம் என்று ஏச்சு வாங்கும் பள்ளி ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் பதிவேட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அதே பள்ளியிலிருந்து எழுதியவர்கள் எத்தனை பேர், இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் எத்தனை பேர், ஒவ்வோர் எண்ணிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். காலியாக இருந்த ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை மாதம் காலியாக இருந்தன என்பதையும் சேருங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாதிரி மனுவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன.